வீட்டுக்கே வரும் கிளினிக் சேவை: அம்மாவுக்குக் கிடைத்தது, வீட்டுக்குக் கிடைக்காதது

மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம் ஓர் எஸ்டேட் டவுனில், மலிவு விலை அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது, அரசாங்க கிளினிக் ஆட்கள் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள் என்று வார்டில் சொன்னார்கள். மலாயில் பெராவத்தான் டொமிசிலியாரி என்பார்கள். வீட்டில் கவனித்துக்கொள்ள ஓர் ஆள் இருக்க வேண்டும், மற்றதை ஆஸ்பத்திரியிலேயே எழுதி கிளினிக்குக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் பக்கம் இப்படி ஒன்று இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

சேவைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு ஐந்து. உங்கள் வீட்டில் யாராவது படுக்கையில் விழுந்தால் வார்டைவிட்டுக் கிளம்பும் முன்னாலேயே கேட்டு வாங்குங்கள்.

மூன்று மாதம் வந்தார்கள். ஒரு மிஸ்ஸி (நர்ஸ்), கூட ஒரு மருத்துவ உதவியாளர், சில தடவை பிசியோ. பிரஷர் பார்ப்பது, முதுகுப் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவது, மூக்கில் போட்ட டியூபை மாற்றுவது எல்லாம் அவர்களே செய்தார்கள், எங்களிடம் ஒரு காசு வாங்கவில்லை. அம்மாவை எப்படிப் புரட்ட வேண்டும், இடுப்பில் எங்கே கை கொடுத்துத் தூக்க வேண்டும் என்று என் கையைப் பிடித்தே காட்டிக் கொடுத்தார்கள். நாற்பது வருஷம் பால்மரம் (ரப்பர்) சீவிய அம்மா, வலது கை அசையாமல் போனதிலிருந்து யாரிடமும் பேசாமல் கிடந்தவர், அந்த மிஸ்ஸி வரும் நாளில் மட்டும் தலை சீவிவிடச் சொல்வார்.

இரண்டாவது வருகையில் நடந்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். கட்டிலை நகர்த்தி அம்மாவைத் திருப்பும்போது பின்னால் இருந்த சுவர் மிஸ்ஸியின் கண்ணில் பட்டது. மேல் வீட்டுக் கழிப்பறைக் குழாய் ஒழுகி, சுவர் முழுக்க ஈரம் இறங்கி, கட்டில் உயரத்துக்குக் கருப்பாகப் பூஞ்சை பிடித்திருந்தது. விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தார். "இந்த ரூம்ல யாரெல்லாம் படுக்கிறீங்க அக்கா?" என்றார். அம்மா, நான், என் சின்னவன். சின்னவனுக்கு ஆஸ்துமா, மாதம் ஒரு தடவையாவது அதே கிளினிக்குக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி நெபுலைசர் வைக்கத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அங்கே ஒரு நாளும் யாரும் வீட்டுச் சுவர் எப்படி இருக்கிறது என்று கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. அப்புறம் கழிப்பறைக் கதவைத் தன் டேப்பாலேயே அளந்தார். 24 அங்குலம். சக்கர நாற்காலி 26. உள்ளே போக ஒரு படி வேறு. "மருந்து நான் குடுத்துடலாம் அக்கா, இந்த சுவர நான் என்ன செய்ய முடியும்" என்று சொல்லிவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டு போனார்.

எனக்கு மனசு ஆறாத இடம் இதுதான். வீட்டைக் கண்ணால் பார்த்து, சின்னவனின் ஆஸ்துமாவை இந்தச் சுவரும் கூட்டுகிறது என்று புரிந்துகொண்ட ஒரே அரசாங்க ஆள் அவர். ஒரு குழாயை மாற்றச் சொல்லக்கூட அவருக்கு அதிகாரம் இல்லை. கிளினிக் சுகாதார அமைச்சுடையது, அடுக்குமாடி விவகாரம் வீடமைப்பு அமைச்சின் கீழ் வருவது, எங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்வதோ ஒரு மேனேஜ்மெண்ட் ஆபீஸ். அந்த ஆபீசுக்கு ஐந்தில் ஒன்று கொடுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. மேல் மாடி ஒழுகலுக்குச் சட்டம் தெளிவாக இருக்கிறது: 2015 ஸ்திராத்தா (அடுக்குமாடி) நிர்வாக விதிகளின்படி நாம் எழுத்தில் புகார் கொடுத்த 7 நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும், பார்த்து முடித்த 5 நாளுக்குள் பாரம் 28 (படிவம் 28) என்ற சான்றிதழில் ஒழுகலுக்கு யார் பொறுப்பு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எங்களுக்குப் பதினொரு வாரம் ஆனது. அதுவும் மிஸ்ஸி டாக்டரிடம் பேசி, நோயாளி இருக்கும் அறையில் பூஞ்சை இருக்கிறது, அதே அறையில் ஆஸ்துமாக்காரப் பிள்ளை இருக்கிறான் என்று கிளினிக் தாளில் ஒரு கடிதம் வாங்கித் தந்து, அதைப் புகாரோடு இணைத்த பிறகுதான். கடிதம் கொடுத்த நாலாவது நாள் ஆள் வந்துவிட்டார். ஒரு தாளுக்கு இவ்வளவு மரியாதை என்றால் அதை முதல் வாரமே அனுப்ப ஓர் ஏற்பாடு இருந்திருக்க வேண்டாமா?

அம்மா சொல்வார், தோட்டத்தில் தொழிலாளர்கள் இருந்த லயத்து வீடுகளை டிரெஸர் (தோட்டத்து மருத்துவ உதவியாளர்) வாரா வாரம் நடந்து பார்ப்பாராம். கால்வாய் அடைத்திருந்தால், கூரை ஒழுகினால் மானேஜரிடம் சொல்வார், ஆள் வரும். லயத்து வாழ்க்கை சுகம் என்று நான் சொல்ல வரவில்லை, ஓர் அறையிலும் ஒரு குசினியிலும் எட்டுப் பேர் படுத்த கதையும் அம்மா வாயால் கேட்டதுதான். ஆனால் வீடும் மருந்தும் ஒரே கணக்கில் இருந்தன. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் கிள்ளானில் 1901-இல் வேலைக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன் மலேரியாவை அடக்கியதும் ஊரைச் சுற்றியிருந்த சதுப்பை வடியவைத்து, புதரை வெட்டித்தான். தோட்டத்தைவிட்டு நாங்கள் ஃபிளாட்டுக்கு வந்தபோது வீடு ஒரு பக்கம் போனது, வைத்தியம் ஒரு பக்கம் போனது.

சேர்ந்து வேலை செய்யவே முடியாது என்றும் இல்லை. டிங்கி வந்தால் பாருங்கள். போன வருஷம் எங்கள் புளோக்கில் இரண்டு பேருக்கு டிங்கிக் காய்ச்சல் உறுதியானதும் சுகாதார இலாகா ஆட்கள் வீடு வீடாக ஏறினார்கள், நகராண்மைக் கழக லோரி வந்தது, மேனேஜ்மெண்ட் ஆள் சாவிக் கொத்தோடு கூடவே நடந்தார். மொட்டை மாடியில் மூடி இல்லாத பழைய தண்ணீர்த் தொட்டியில் கொசுப் புழு இருந்தது. வருஷக்கணக்காக நாங்கள் புகார் செய்த தொட்டி, ரெண்டே நாளில் காலி செய்து இறக்கிவிட்டார்கள். காரணம் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டம், புழு இருந்தால் கோர்ட்டுக்குப் போகாமலேயே 500 வெள்ளி வரை கம்பவுண்ட் அபராதம் போடலாம். 2019-இல் நாடு முழுக்க 1,30,101 பேருக்கு டிங்கி, 182 பேர் இறந்தார்கள், அதனால் அதற்குச் சட்டமும் ஆளும் இருக்கின்றன. சரி, ஈரச் சுவருக்கும் வழுக்கும் கழிப்பறைக்கும் அப்படி ஒரு நடை ஏன் நடக்கக்கூடாது?

நியூசிலாந்தில் 2013-இல் ருமாட்டிக் காய்ச்சலுக்காக (தொண்டைத் தொற்றில் தொடங்கி இதயத்தைத் தாக்கக்கூடிய நோய்) தொடங்கிய ஒரு திட்டத்தில், வீடு நெரிசலாக, ஈரமாக, குளிராக இருக்கிறது என்று சுகாதாரப் பக்கத்திலிருந்து குடும்பத்தை அனுப்பி வைத்தால், கட்டில், போர்வை, திரைச்சீலை, ஹீட்டர் வரைக்கும் ஏற்பாடு செய்கிறார்கள். நமக்கு ஹீட்டர் வேண்டாம். மிஸ்ஸியின் நோட்டில் எழுதியது மேனேஜ்மெண்ட் மேசைக்கும் நகராண்மைக் கழகத்துக்கும் அன்றைக்கே போக வேண்டும், பதில் சொல்ல ஒரு தேதி இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

இந்தச் சேவை உங்களுக்குக் கிடைத்தால், வருகிறவர்களைக் கட்டிலோடு நிறுத்தாதீர்கள். கழிப்பறை, சுவர், படிக்கட்டு எல்லாவற்றையும் காட்டுங்கள், கடிதம் கேளுங்கள், ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் குழாய் மாற்றியாகிவிட்டது, சுவர் காய்ந்து வருகிறது, சின்னவன் இரண்டு மாதமாக நெபுலைசருக்குப் போகவில்லை. கழிப்பறைச் சுவரில் பிடிக்க ஓர் இரும்புக் கம்பியை அண்ணன் அடித்துக் கொடுத்தார். கதவு இன்னும் 24 அங்குலம்தான், அம்மாவை வாசல் வரை தள்ளிக்கொண்டு போய், அங்கிருந்து நான் தூக்கி வைக்கிறேன்.