கூலன்ட் எங்கே போகிறது? – கைப்பம்பு பிரஷர் டெஸ்டர் செட் ஒரு மதிப்பீடு

டேங்கில் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வரும். வண்டியை நிறுத்தும் இடத்திலோ ஒரு சொட்டு ஈரம்கூட இருக்காது. இன்ஜின் குளிர்விப்பு அமைப்பில் வரும் கோளாறுகளில் கார் வைத்திருப்பவரை மிகவும் அலைக்கழிப்பது இதுதான். சந்தேகத்தின் பேரில் முதலில் ரேடியேட்டர் மூடியை மாற்றுவார்கள், பிறகு ஹோஸை மாற்றுவார்கள், அதற்கும் சரியாகவில்லை என்றால் வாட்டர் பம்பைக் கழற்றுவார்கள். பாகம் பாகமாகச் செலவு செய்து ஊகிப்பதைவிட, கசியும் இடத்தை முதலில் கண்ணால் பார்த்துவிடுவதே முறை என்பது என் உறுதியான கருத்து. அதற்கென்றே உள்ள கருவி, கையால் இயக்கும் பிரஷர் டெஸ்டர். சொந்தக் காரைத் தாமே பராமரிப்பவர்களை மனத்தில் கொண்டு செய்யப்பட்ட சாதாரணமான செட் ஒன்றை நான் பயன்படுத்திவருகிறேன்.

ஓடும் இன்ஜினில் கூலன்ட் அழுத்தத்தில் இருக்கிறது. பாதிக்குப் பாதி கலந்த எத்திலீன் கிளைக்கால் கலவை திறந்த பாத்திரத்தில் ஏறத்தாழ 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி 1 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும்போது அதே கலவை 125 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காது. பெரும்பாலான கார்களின் மூடிகளில் 0.9 முதல் 1.4 பார் வரை ஏதேனும் ஓர் அளவு அச்சிடப்பட்டிருக்கும். வண்டி குளிர்ந்து நிற்கும்போது அந்த அழுத்தம் இல்லாததால் நுண்ணிய விரிசல் கசியாது. சூடாக ஓடும்போது கசிந்தாலும், வெளிவரும் துளி சூடான உலோகத்தின் மேல் பட்டு உடனே ஆவியாகிவிடும். ஓட்டத்தில் ஏற்படும் அழுத்தத்தை, இன்ஜின் முழுவதும் குளிர்ந்திருக்கும் நிலையில் உண்டாக்கித் தருவதே இந்தக் கருவியின் பயன். கையை அருகில் கொண்டுபோய், டார்ச் அடித்து, நிதானமாகத் தேடலாம்.

பம்பு, அழுத்தமானி, குட்டையான ஒரு குழாய், மூடிக்குப் பதிலாகப் பொருத்தும் அடாப்டர்கள், மூடியையே சோதிப்பதற்கான இணைப்பு ஆகியவை செட்டில் உள்ளன. மூடியில் உள்ள அளவுவரை மட்டுமே பம்பு அடிக்க வேண்டும். அதற்கு மேல் போனால் பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியோ, காருக்குள் வெப்பம் தரும் சிறு ரேடியேட்டரான ஹீட்டர் கோரோ விரிசல் விட்டுவிடக்கூடும். அடித்த பிறகு ஹோஸ்கள் சற்று விரிவதால் முள் கொஞ்சம் இறங்கும். அது கசிவு அல்ல. மறுபடி சரியான அளவுக்கு ஏற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுவிட்டுப் பார்க்க வேண்டும்.

என் காரில் இந்தச் சோதனையின்போது முள் நிற்காமல் இறங்கியது. வெளியே எதுவும் தெரியவில்லை. கண்ணாடி ஒன்றை வாட்டர் பம்புக்குக் கீழே நீட்டிப் பார்த்தபோது, அதன் அடிப்புறத்தில் உள்ள கடுகளவு வடிதுளையின் வாயில் ஒரு துளி மெதுவாகத் திரண்டு, கனம் தாங்காமல் விழுந்து, அதே இடத்தில் அடுத்தது திரளத் தொடங்கியது. துளையைச் சுற்றிக் கூலன்ட் காய்ந்து படிந்த வெளிறிய பொருக்கும் இருந்தது. பம்பின் உள் சீல் தேய்ந்தால் கூலன்ட் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வடிவதற்காகவே அந்தத் துளையை வைத்திருக்கிறார்கள். எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்பதில் அதற்குப் பிறகு வாதத்துக்கே இடமில்லை.

முள் இறங்கியும் வெளியே எங்குமே ஈரம் இல்லையென்றால் இரண்டு இடங்கள் மிச்சம். காருக்குள் இனிப்பான வாடை வீசினாலோ, முன்கண்ணாடியில் எண்ணெய்ப் பசை போல ஆவி படிந்தாலோ, கால் வைக்கும் இடத்துக் கார்ப்பெட் நனைந்திருந்தாலோ ஹீட்டர் கோரைச் சந்தேகிக்கலாம். மற்றது ஹெட் கேஸ்கட், அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு. இங்கேயும் டெஸ்டர் ஓரளவு உதவுகிறது: அதைப் பொருத்தியபடியே குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தால், சூடேறுவதற்கு முன்பே முள் வேகமாக ஏறுவது சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்டுக்குள் புகுகிறது என்பதற்கு வலுவான அடையாளம். அப்படி ஏறினால் உடனே இன்ஜினை நிறுத்தி அழுத்தத்தை விடுவிக்க வேண்டும். தீர்ப்பை உறுதி செய்ய, கார்பன் டை ஆக்சைடு பட்டால் நீலத்திலிருந்து மஞ்சளாக மாறும் திரவத்தைக் கொண்ட தனிச் சோதனைக் கருவி தேவை; அது இந்தச் செட்டில் இல்லை.

பலர் கவனிக்காமல் விடும் மூடிச் சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால், கசிவே இல்லாத வண்டியிலும் கூலன்ட் சீக்கிரம் கொதித்து வெளியேறும். அச்சிட்ட அளவுக்கு வெகு முன்னரே மூடி விட்டுக்கொடுக்கிறதா என்று இந்த இணைப்பில் பொருத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் இன்ஜின் ஆறும்போது கூலன்டைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள வழிவிடும் வெற்றிட வால்வை இது சோதிப்பதில்லை. ஆறிய பிறகு மேல் ஹோஸ் ஒட்டிச் சப்பையாகிக் கிடந்தால் அந்த வால்வைத்தான் பார்க்க வேண்டும்.

குறைகளும் உண்டு. அழுத்தமானியின் முகப்பு சிறியது, அளவுகோல் 2.5 பார் வரை நீள்வதால், நமக்கு வேண்டிய பகுதி குறுகலான இடத்தில் அடங்கிவிடுகிறது, சிறு இறக்கம் எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். குழாயை இணைக்கும் கப்ளரின் ரப்பர் வளையம் மட்டமானது. கருவியே கசிந்துவிட்டுப் பழியைக் காரின் மேல் போடக்கூடும் என்பதால், ஒவ்வொரு முறையும் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று முதலில் பார்த்துவிடுகிறேன். அடாப்டர்களின் மேல் எண் மட்டுமே இருக்கிறது, எது எந்த வண்டிக்கு என்பது ஒரு தாளில் தனியாக உள்ளது. அந்தத் தாள் தொலைந்தால் திண்டாட்டம்தான். சூடான இன்ஜினில் மூடியைத் திறந்தால் கொதிக்கும் கூலன்ட் பீறிட்டு உடலைச் சுட்டுவிடும் என்ற எச்சரிக்கை கையேட்டின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அது முதல் பக்கத்தில், முதல் வரியில் இருந்திருக்க வேண்டும்.

எல்லா ஓவர்ஹீட்டிங்குக்கும் இதிலேயே விடை கிடைக்கும் என்று எண்ணி வாங்குபவர் ஏமாறுவார். நெரிசலில் நிற்கும்போது சூடேறி, ஓட்டத்தில் தணிந்தால் ஃபேனையும் அதன் ரிலேயையும் பார்க்க வேண்டும்; வேகமாக ஓடும்போது சூடேறினால் அடைபட்ட ரேடியேட்டரை நினைக்க வேண்டும்; மீட்டர் ஏறியும் ரேடியேட்டருக்குப் போகும் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால், சூடேறியதும் கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்கவில்லை என்று கொள்ளலாம். இவற்றில் எதையும் டெஸ்டர் சொல்லாது.

கசிவைத் தேடுவதற்கு என்ற அளவில் இந்தச் செட்டைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். வாங்குவதற்கு முன், உங்கள் வண்டியில் மூடி பொருந்தும் கழுத்து ரேடியேட்டரில் திருகிப் பூட்டும் பழைய வகையா, எக்ஸ்பான்ஷன் டேங்கில் மரையுள்ள வகையா என்று பார்த்து, அதற்கான அடாப்டர் செட்டில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் அதைத் தனியாக வாங்க முடியுமா என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே பணத்தைக் கொடுங்கள்.