பசுமைக் குடியிருப்பு என்று மனை வாங்கும் முன் வாய்க்கால் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள்

செங்கல்பட்டு மாவட்டத்தில், வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஆறரை ஏக்கர் மனைப்பிரிவு ஒன்றில் 2021-ஆம் ஆண்டு நானும் என் மனைவியும் மனையும் வீடுமாகச் சேர்த்து வாங்கினோம். பசுமைக் கட்டட முறையில் திட்டமிடப்பட்ட குடியிருப்பு என்று சொல்லி விற்றார்கள். அந்தச் சொல்லுக்காகவே சுற்றுவட்டார விலையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுத்தோம். அதே நிறுவனம் இப்போது எங்கள் மனைப்பிரிவுக்கு அருகிலுள்ள ஏரியின் மறுபுறத்தில் இரண்டாம் கட்டம் என்று முன்பதிவு வாங்கத் தொடங்கியிருக்கிறது என்பதை அறிந்ததால்தான் இதை எழுதுகிறேன். எங்கள் புகார் விசாரணையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

எங்களிடம் தரப்பட்ட கையேட்டில் இருந்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நிலத்தின் இயற்கையான சரிவு மாற்றப்படாது. மேல்மண் தனியே சேமிக்கப்பட்டுத் தோட்டங்களுக்குத் திரும்பப் பயன்படுத்தப்படும். இருக்கும் மரங்கள் காக்கப்படும். சாலையோரத் தரை முழுவதும் நீரை உள்ளே விடும் கற்களால் அமையும். ஒவ்வொரு வீட்டுக்கும் பதினைந்து அடி ஆழத்தில் மழைநீர் உறைகிணறு உண்டு. மனைப்பிரிவின் கிழக்கு ஓரமாக இருபது அடி அகலத்தில் 'பசுமை நடைபாதை' ஒன்று ஏரிக்கரை வரை செல்லும். பசுமைக் கட்டட மதிப்பீட்டு அமைப்பு ஒன்றின் முத்திரையும் ஒரு பதிவு எண்ணும் அட்டையிலேயே அச்சாகியிருந்தன.

அந்த எண்ணைச் சான்றிதழ் எண் என்று நான் நம்பியது என் முதல் தவறு. நம் நாட்டில் இந்தியத் தொழில் கூட்டமைப்பு 2001-இல் தொடங்கிய இந்தியப் பசுமைக் கட்டட மன்றத்தின் மதிப்பீடும், டெரி நிறுவனம் உருவாக்கிய 'கிரிஹா' மதிப்பீடும், அமெரிக்காவிலிருந்து வந்த 'லீட்' மதிப்பீடும் பரவலாக வழக்கில் உள்ளன. இவற்றில் ஒரு கட்டுமானத் திட்டத்தைப் பதிவு செய்வது என்பது மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் தொடக்க நிலை மட்டுமே. வரைபட நிலையில் உள்ள திட்டத்துக்கு முன்சான்று வழங்கும் முறையும் உண்டு. அதுவும் காகிதத்தில் உள்ள வடிவமைப்பைப் பார்த்துத் தரப்படுவதுதான். கட்டி முடித்த பிறகு, செய்து முடித்ததற்கான ஆவணங்களைச் சமர்ப்பித்துப் பெறுவதே இறுதிச் சான்று. எங்கள் விற்பனையாளர் பதிவோடு நின்றுவிட்டார். முன்சான்றுக்குக்கூட ஆவணம் அனுப்பவில்லை என்பதை 2024-இல் அந்த அமைப்புக்கு நானே கடிதம் எழுதிக் கேட்ட பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஒரு மின்னஞ்சலில் கிடைத்திருக்கக்கூடிய தகவலை மூன்று ஆண்டுகள் கழித்துக் கேட்டிருக்கிறேன்.

சட்டம் கட்டாயப்படுத்தியிருப்பதையே தங்கள் கொடையாகக் காட்டியது இன்னொரு வகை ஏமாற்று. "மொத்த நிலத்தில் பத்து விழுக்காட்டைப் பூங்காவுக்கு விட்டிருக்கிறோம்" என்று பெருமையாகச் சொன்னார்கள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி, இந்த அளவுள்ள மனைப்பிரிவில் சாலைகள் நீங்கலான பரப்பில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாக உள்ளாட்சி அமைப்புக்கு எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். மழைநீர் சேகரிப்பும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயம். கையேட்டிலிருந்து இவ்விரண்டையும் கழித்துவிட்டுப் பார்த்திருந்தால், கூடுதல் விலைக்கு ஈடாக எஞ்சியிருந்தது நிலத்தை நடத்தும் முறை பற்றிய வாக்குறுதிகள் மட்டுமே என்பது புரிந்திருக்கும். அந்த வாக்குறுதிகளில்தான் ஒன்றுகூட நிறைவேறவில்லை.

வேலை தொடங்கிய முதல் மாதத்தில் நாங்கள் பார்க்கப் போனபோது, நிலத்தின் மேல் ஓரடி மண் வழித்தெடுக்கப்பட்டு டிப்பர் லாரிகளில் போய்க்கொண்டிருந்தது. தலைமுறை தலைமுறையாக நெல் விளைந்த நஞ்சை நிலம் அது. ஏரிப் பாசனத்தின் வண்டல் படிந்த கருமையான மண். சேமித்து வைப்பதற்காகக் கொண்டுபோகிறார்கள் என்று தள மேற்பார்வையாளர் சொன்னதை நம்பித் திரும்பினோம். அது செங்கல் சூளைக்கு விற்கப்பட்டது என்பதை அந்த லாரிகளில் ஒன்றை ஓட்டியவரே பின்னர் எங்களிடம் சொன்னார். மண் போன இடத்தில் கிராவல் கொட்டி நான்கடி உயர்த்தினார்கள். வரப்போரம் நின்ற பதினொரு பனைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அரசு அறிவித்திருந்தது. பனைகள் நின்ற இடத்தில் கோனோகார்பஸ் கன்றுகளை வரிசையாக நட்டுவிட்டு, 'முந்நூறு மரங்கள்' என்று அடுத்த கையேட்டில் எழுதினார்கள். சுற்றுச்சூழலுக்கும் உடல்நலத்துக்கும் கேடு என்று சொல்லிக் குஜராத் அரசு 2023-இல் தடை செய்த மரம் அது.

2023 ஜூன் மாதம் குடிபுகுந்தோம். கூரையில் வெள்ளை ஓடு பதித்திருந்தார்கள், சன்னல்களின் அமைப்பிலும் குறையில்லை. வீட்டுக்குள் செய்த வேலை ஓரளவு நல்ல வேலைதான் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். வாசலுக்கு வெளியே வந்தால்தான் குறைகள். ஆகஸ்டில் பெய்த ஒரு சாதாரண மழைக்கே தெருவில் கணுக்கால் அளவு நீர் நின்றது. நீரை உள்ளே விடும் என்று சொன்ன, இடையிடையே புல் முளைத்த அந்தத் தரைக்கற்களில் ஒன்றைக் கடப்பாரையால் நெம்பிப் பார்த்தோம். கல்லுக்குக் கீழே இரண்டு அங்குல மணலும், அதற்குக் கீழே நான்கு அங்குலக் கான்கிரீட்டும் இருந்தன. கற்களுக்கு இடையில் இறங்கும் நீர் போவதற்கு வழியே இல்லை. கீழே பரப்ப வேண்டியது வெவ்வேறு அளவு ஜல்லி. லாரி ஏறினால் கல் அமுங்கிவிடும் என்று பயந்து கான்கிரீட் போட்டுவிட்டோம் என்று மேற்பார்வையாளர் பதில் சொன்னார்.

அன்று மாலையே உறைகிணற்றின் மூடியையும் தூக்கிப் பார்த்தேன். பதினைந்து அடி என்று எழுதியிருந்த கிணற்றில் மூன்றடி விட்டமுள்ள இரண்டே உறைகள், ஓரடிக்கு ஒன்றாக, இறக்கப்பட்டிருந்தன. உள்ளே உடைந்த செங்கல்லும் சிமெண்ட் மூட்டையின் கந்தலும் கிடந்தன. எங்கள் மொட்டைமாடி ஆயிரம் சதுர அடி. பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் அதிலிருந்து ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல் நீர் இறங்கும். அந்தக் குழி வெறுமையாக இருந்தாலே நானூறு லிட்டர்தான் கொள்ளும். அடியில் இருப்பதோ ஏரிக் களிமண். மணற்படுகையை எட்டும் வரை தோண்டாத கிணறு அந்த மண்ணில் நீரைக் கீழே அனுப்பாது.

இவையெல்லாம் பணம் செலவழித்தால் திருத்திவிடக்கூடிய குறைகள் என்று எண்ணியிருந்தோம். மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பர் 4 அதிகாலையில் அந்த எண்ணம் போயிற்று. மூன்று மணியளவில் மின்சாரம் நின்றது. கைவிளக்கோடு வாசலுக்கு வந்து பார்த்தபோது, பசுமை நடைபாதையின் புல்விரிப்பு ஒரு பெரிய பாயைப் போல மண்ணிலிருந்து கிளம்பி மேலே மிதந்துகொண்டிருந்தது. அதன் அடியிலிருந்து கலங்கிய நீர் கொப்பளித்துக்கொண்டு வந்தது. விடிவதற்குள் வீட்டுக்குள் இரண்டரை அடி. எங்கள் மதிலுக்கு அப்பால் இருக்கும் பழைய குடியிருப்பு எங்கள் நிலத்தைவிட இப்போது நான்கடி தாழ்வில் கிடக்கிறது, அங்கே மார்பளவு. மூன்று நாள் அவர்கள் ஊராட்சிப் பள்ளியில் தங்கினார்கள். எங்கள் மனையை உயர்த்தக் கொட்டிய மண்தான் அவர்கள் வீட்டுக்கு வெள்ளத்தைத் தள்ளியது என்பதை நினைக்கும்போது, நாங்கள் ஏமாந்த பணத்தைவிட அதுவே என்னை இன்றும் வருத்துகிறது.

தண்ணீர் வடிந்த பிறகு, அந்தக் குடியிருப்பிலிருந்து ஆடு மேய்க்க வரும் பெரியவர் ஒருவர் எங்கள் தெருவின் கிழக்கு முனையில் நின்று கையைக் காட்டினார். "ஏரி கலங்கல்லேர்ந்து வர்ற கால்வா இதான் சார். நான் சின்னப் புள்ளையா இருக்கச்சே கெண்ட மீன் புடிச்ச எடத்துலதான் உங்க வாட்ச்மேன் ரூம் நிக்குது" என்றார். நான் ஆசிரியர் வேலையில் முப்பது ஆண்டுகள் இருந்தவன். செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன். இங்குள்ள ஏரிகள் ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோக்கப்பட்டவை என்பதும், மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே வழிந்து கீழ் ஏரிக்குப் போகும் என்பதும், இப்பகுதியின் உபரிநீர் கடைசியில் அடையாற்றில் சேரும் என்பதும் எனக்குத் தெரியும். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்து முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதையும் பார்த்திருக்கிறேன். அவ்வளவு தெரிந்தும், வாங்குகிற நிலத்தில் அந்தச் சங்கிலியின் கண்ணி எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை.

பெரியவர் சொன்னதைக் கேட்டபின் நான்கு ஆவணங்களை எடுத்தேன். கிராம வரைபடத்தில் ஏரியும் கலங்கலும் அதிலிருந்து கிளம்பும் போக்குக் கால்வாயும் தெளிவாக இருந்தன. ஒவ்வொரு புல எண்ணின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் புலப்படத்தில் எங்கள் மனைப்பிரிவின் கிழக்கு ஓரமாகக் கால்வாய் இரட்டைக் கோடாகச் சென்றது. ஊரின் ஒவ்வொரு நிலமும் எந்த வகை என்று குறிக்கும் வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டில் அந்தத் துண்டு நிலம் நீர்நிலைப் புறம்போக்கு என்று பதிவாகியிருந்தது. என்னை உலுக்கியது நான்காவது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் இருந்த அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில், ஆறு மீட்டர் அகலக் கால்வாயை அப்படியே விட்டுவிட வேண்டும் என்று குறிக்கப்பட்டிருந்தது. அதாவது அதிகாரிகளிடம் காட்டிய வரைபடத்தில் கால்வாய் இருந்தது. எங்களிடம் காட்டிய கையேட்டில் அதே இடம் பசுமை நடைபாதையாக மாறியிருந்தது. நடைபாதையின் கீழே தோண்டிப் பார்த்தபோது இரண்டடி விட்டமுள்ள இரண்டு சிமெண்ட் குழாய்கள் புதைந்திருந்தன. இருபது அடி அகலமும் ஐந்தடி ஆழமும் கொண்ட கால்வாயில் போக வேண்டிய நீருக்கு அவர்கள் விட்ட வழி அதில் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்கு.

உண்மையான பசுமைத் திட்டமிடல் தெரிந்த ஒருவர் இந்த நிலத்துக்கு வந்திருந்தால், வீட்டின் வரைபடத்தைத் தொடுவதற்கு முன் நிலமட்ட அளவீடு எடுத்து நீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று குறித்திருப்பார். கால்வாயையும் அதன் இருகரைகளையும் தொடாமல் விட்டு, மேடான மேற்குப் பகுதியில் வீடுகளை நெருக்கமாக அமைத்து, தாழ்ந்த பகுதியை மழைக்காலத்தில் நீர் நிற்கும் குளமாகவும் கோடையில் விளையாட்டுத் திடலாகவும் விட்டிருப்பார். மனைகளின் எண்ணிக்கையில் சில குறைந்திருக்கும். மொத்தப் பித்தலாட்டமும் அந்தச் சில மனைகளுக்காகத்தான் நடந்தது என்று நான் கருதுகிறேன்.

இரண்டாம் கட்டத்தில் மனை பார்த்துக்கொண்டிருப்பவர்களும், வேறெங்கும் இப்படிப் பசுமை என்று விற்கப்படும் இடத்தை வாங்க நினைப்பவர்களும் முன்பணம் கொடுக்கும் முன் தயவுசெய்து இவற்றைச் செய்யுங்கள். புலப்படத்தையும் 'அ' பதிவேட்டையும் வருவாய்த் துறையின் இணையச் சேவையிலேயே பார்க்கலாம். உங்கள் புல எண்ணோடு நின்றுவிடாமல் அண்டைப் புல எண்களையும் பாருங்கள். கையேட்டில் அச்சிட்ட வரைபடத்தை ஆணையத்தின் தளத்தில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தோடு பக்கத்தில் வைத்து ஓரம் ஓரமாக ஒப்பிடுங்கள். சான்று என்று எதைக் காட்டினாலும் அது பதிவா, முன்சான்றா, இறுதிச் சான்றா என்று மதிப்பீட்டு அமைப்பிடமே எழுதிக் கேளுங்கள். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் பத்து விழுக்காட்டுக்கு மேல் பணம் வாங்க, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சிச் சட்டம், 2016-இன் 13-ஆவது பிரிவு தடை விதிக்கிறது. எங்களிடம் முப்பது விழுக்காடு வாங்கினார்கள், நாங்களும் கேள்வி கேட்காமல் கொடுத்தோம். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்த மறுநாள் போய் நிலத்தைப் பாருங்கள். பக்கத்து ஊரில் வயதான ஒருவரையாவது விசாரியுங்கள்.

கையேட்டையும் விளம்பரங்களையும் கட்டண ரசீதுகளையும் தூக்கிப் போடாதீர்கள். அதே சட்டத்தின் 12-ஆவது பிரிவு, விளம்பரத்திலோ கையேட்டிலோ உள்ள பொய்யை நம்பிப் பணம் கொடுத்தவருக்கு இழப்பீடு பெறவும், விலக விரும்பினால் முழுத் தொகையையும் வட்டியோடு திரும்பப் பெறவும் உரிமை தருகிறது. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்துக்கு மாறாகக் கட்டுவதை 14-ஆவது பிரிவு தடுக்கிறது. வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் மனைப்பிரிவின் வரைபடத்தை மாற்ற முடியாது. எங்களில் ஒருவரிடமும் அப்படி ஒப்புதல் கேட்கப்படவில்லை.

எங்கள் மனைப்பிரிவில் பதினேழு குடும்பங்கள் சேர்ந்து ஆணையத்தில் புகார் அளித்திருக்கிறோம்; கால்வாயை மீட்டுத் தரும்படி மாவட்ட ஆட்சியருக்கும் நீர்வளத் துறைக்கும் பழைய குடியிருப்பு மக்களோடு சேர்ந்து மனுக் கொடுத்திருக்கிறோம். சென்ற மாதம் நில அளவர் சங்கிலியோடு வந்து அளந்தபோது, புல்தரைக்கு ஒன்றரை அடி கீழே கால்வாயின் பழைய எல்லைக்கல் அசையாமல் நின்றிருந்தது. அதைச் சுற்றி மண்ணை விலக்கிச் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போயிருக்கிறார். முதல் கட்டத்தில் வாங்கி இன்னும் புகாரில் சேராதவர்கள், தங்களிடம் உள்ள கையேட்டின் வரைபடப் பக்கத்தை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கல்லுக்கு அருகில் வந்தால் எங்களைச் சந்திக்கலாம்.