சைக்கிளை அறுவடை செய்த அகராதி

போனில் நான் வைத்திருக்கும் பிரெஞ்சு–ஆங்கில அகராதிச் செயலிக்கு ஐந்தில் மூன்று. பெயர் வேண்டாம், விட்டுவிடுகிறேன்.

'ஃபோஷே' என்ற வினைச்சொல்லில்தான் மாட்டியது. ஒரு கதையில் "ஓன் மா ஃபோஷே மோன் வேலோ" என்று வந்தது. செயலி தந்தது இரண்டே ஆங்கிலச் சொற்கள்: 'மோ', 'ரீப்'. அதாவது புல் வெட்டுவது, கதிர் அறுப்பது. என் சைக்கிளை யாரோ அறுவடை செய்துவிட்டார்களாம்! அரை மணி நேரம் குழம்பினேன்.

அப்புறம் அலமாரியில் கிடந்த பழைய தடி அகராதியைப் புரட்டினேன். அதில் 'பின்ச்', 'ஸ்வைப்', 'நிக்' எல்லாம் இருந்தன; எல்லாமே திருடுவதைக் குறிக்கும் பேச்சுவழக்கு ஆங்கிலச் சொற்கள். என் சைக்கிளை யாரோ திருடிவிட்டார்கள், அவ்வளவுதான். திருடு என்பதற்கு 'ஸ்டீல்' என்று நேராகப் போட்டால் அர்த்தம் வரும், பேச்சு வாடை வராது. நாம் 'பேனாவைச் சுட்டுட்டான்' என்கிறோமே, அதே ரகம். அடுப்பில் சுடுவதை மட்டும் சொல்லித்தரும் அகராதியை வைத்து அதை என்ன செய்வது?

வேர், 'ஃபோ' என்ற நீள்பிடி அரிவாள். சாலையில் ஆளை இடித்துச் சாய்க்கும் காருக்கும் இதே வினைதான். அரிவாளோடு வரும் மரண உருவத்துக்குப் பெயர் 'ஃபோஷோஸ்'. கையில் காசில்லாதவன் 'ஃபோஷே கொம் லே ப்ளே', அறுத்த கோதுமைபோல மொட்டை. இதில் ஒன்றுகூடச் செயலியில் இல்லை.

உச்சரிப்பு ஒலி மட்டும் அருமை. அதற்குத்தான் அந்த மூன்று.