100 என்றார்கள், 222-இல் முடிந்தது: ஓர் இரும்பு ஷெட் கட்டிய கணக்கு

நான் அட்டைப்பெட்டி செய்து விற்கிறவன். வாடகைக் கட்டடத்தில் இடம் போதாமல், சொந்த நிலத்தில் 20 மீட்டர் அகலம், 30 மீட்டர் நீளத்தில் முன்தயாரிப்பு இரும்புக் கட்டடம் (துண்டுகளைத் தொழிற்சாலையில் செய்து, இடத்தில் போல்ட் போட்டு நிறுத்துவது) ஒன்று போட்டேன். நடுவில் தூண் கிடையாது. பக்கச் சுவர் உயரம் 6 மீட்டர். ஷெட் எழும்பி ஒரு வருடம் ஆகிவிட்டது. மழையும் வெயிலும் அதன் தலையில் இறங்கியதைப் பார்த்துவிட்டேன், இனி எழுதலாம். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. அவர்கள் மேல் பெரிய கோபமும் இல்லை. நான் பட்டதில் பாதி, வேறு யாரிடம் போயிருந்தாலும் பட்டிருப்பேன்.

தொகையை ரொக்கமாகச் சொல்லப்போவதில்லை. இரும்பு விலை மாதத்துக்கு மாதம் மாறும், கூலி இடத்துக்கு இடம் மாறும். ஆகவே நிறுவனம் தந்த கொட்டேஷனை, வரி சேர்த்து, 100 என்று வைத்துக்கொள்வோம். அதில் டிசைன், இரும்புச் சட்டகம், பர்லின் (கூரை ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்), கூரை ஷீட், சுவர் ஷீட், போல்ட் எல்லாம் அடக்கம். நான் மனதில் வைத்திருந்த மொத்த பட்ஜெட் 130.

வீட்டில் கணக்குப் பார்ப்பது என் மனைவி. "மிச்சம் 30 எதுக்குன்னு எழுதிக் குடுங்க" என்றாள். அஸ்திவாரம், கரண்ட், இதர செலவு என்று மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். கட்டடம் முடிந்தபோது போன பணம் 222. அந்த மூன்று வரிச் சீட்டை அவள் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நல்ல பொருள். சட்டகம் மொத்தம் 17 டன். ஒவ்வொரு துண்டிலும் எண் குத்தியிருந்தது. போல்ட்டுகள் அளவுவாரியாகத் தனித்தனிப் பைகளில், எந்த இணைப்புக்கு எது என்ற சீட்டோடு வந்தன. நானும் எடைமேடையில் லாரியை நிறுத்தி எடை பார்த்தேன். காகிதத்தில் இருந்ததற்கும் இதற்கும் 1 சதவீதம்கூட வித்தியாசமில்லை. 6 சட்டகங்களும் 6 நாளில் நின்றன, ஷீட் போட 9 நாள். ஓட்டை பொருந்தாமல் இழுத்துப் பிடித்த இணைப்பு ஒன்றுகூட இல்லை. என் பழைய வாடகை ஷெட்டில் வெல்டிங் செய்தவர் இதைப் பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருப்பார்.

இவர்களைத் தேர்ந்தெடுத்த கதையையும் சொல்ல வேண்டும். மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினேன். ஒருவர் 14 டன், இவர்கள் 17, இன்னொருவர் 21. அந்த 21 டன்காரர் கிலோ விலை 10 சதவீதம் குறைவு, அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். 21-ஐ 0.9-ஆல் பெருக்கினால் 18.9. அதாவது, இவர்கள் விலைக்கு 18.9 டன் வாங்கும் காசை அவருக்குக் கொடுத்து அதே ஷெட்டைக் கட்டியிருப்பேன். கிலோ விலையைப் பார்த்து ஏமாறுவது சுலபம். 14 டன்காரர் காகிதத்தைப் புரட்டியபோது, டிசைனுக்கு அவர் எடுத்திருந்த காற்றின் வேகம் மற்ற இருவரைவிடக் குறைவாக இருந்தது. காற்றின் வேகம் இரட்டிப்பானால் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதால், அந்த ஒரு எண்ணில் கை வைத்தால் டன் கணக்கில் இரும்பு காணாமல் போகும். ஷீட்டிலும் அப்படித்தான். மற்ற இருவர் 0.50 மில்லிமீட்டர் என்று எழுதியிருக்க, அவர் பூச்சையும் சேர்த்து 0.45 என்று எழுதியிருந்தார். அவரை அங்கேயே விட்டுவிட்டேன்.

சரி, இப்போது மீதி 122 எங்கே போனது?

கொட்டேஷனின் கடைசிப் பக்கத்தில், மற்ற பக்கங்களைவிடச் சின்ன எழுத்தில், 'எங்கள் வேலையில் சேராதவை' என்று ஒரு பட்டியல் இருந்தது. 14 வரி. நான் படிக்கவில்லை என்று சொல்ல முடியாது, படித்தேன். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு தொகை உண்டு என்று தோன்றவில்லை. 'அஸ்திவாரம் வாடிக்கையாளர் பொறுப்பு' என்றால், இவ்வளவு லேசான கட்டடத்துக்கு நாலு குழி தோண்டிக் கான்கிரீட் கொட்டினால் போதும் என்று நினைத்தேன்.

அஸ்திவாரத்துக்கு வரைபடம் போட்ட இன்ஜினியர்தான் கண்ணைத் திறந்தார். "இந்த மாதிரி ஷெட்டுக்கு மண்ணுக்குள்ள இறங்கிடுமோன்னு பயம் இல்ல சார், மேல பறந்துடுமோன்னுதான் பயம்" என்று சொல்லி ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டார். கூரை 600 சதுர மீட்டர். பலத்த காற்றில் ஒரு சதுர மீட்டருக்கு 100 கிலோ மேல்நோக்கி இழுத்தால் மொத்தம் 60 டன். இரும்பும் ஷீட்டும் சேர்த்து என் கட்டடத்தின் எடை 23 டன்தான். பாக்கி 37 டன்னை அஸ்திவாரத்துக் கான்கிரீட்டும் அதன் மேல் இருக்கும் மண்ணும் பிடித்து வைக்க வேண்டும். இது போக, நடுவில் தூணில்லாத சட்டகம் காலை அகட்டி நிற்கிற ஆள் மாதிரி தூண் அடியை வெளிப்பக்கம் தள்ளும். அதையும் அஸ்திவாரம் தாங்க வேண்டும். கட்டடம் லேசு, அதனாலேயே அஸ்திவாரம் கனம். மண் பரிசோதனைக்கும் வரைபடத்துக்கும் 2, அஸ்திவாரத்துக்கு 21. என் 30-இல் 23 அப்போதே காலி.

தரை இன்னும் மோசம். இரும்புக் கட்டடம் வாங்குகிற யாரும் தரையைப் பற்றி யோசிப்பதில்லை போலிருக்கிறது, நானும் யோசிக்கவில்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓடும் என்பதால் 150 மில்லிமீட்டர் கனம் வேண்டும் என்றார்கள். 600 சதுர மீட்டருக்கு 90 கன மீட்டர் கான்கிரீட். ஒரு மிக்சர் லாரியில் 6 கன மீட்டர் என்றால் 15 லோடு! அதற்குக் கீழே இறுக்கிய சரளை, பிளாஸ்டிக் விரிப்பு, கம்பி வலை, மேலே மெஷின் வைத்துத் தேய்த்தல், வெடிக்காமல் இருக்கக் கட்டம் கட்டமாக வெட்டுதல். எல்லாம் சேர்த்து 26. என் முழுச் செலவில் இரும்புக்கு அடுத்த பெரிய தொகை இதுதான், கொட்டேஷனில் இதற்கு இருந்தது ஒரே வரி. நிலத்தைச் சமன் செய்து மண் நிரப்பியது, லாரி உள்ளே வர வழி போட்டது, மழைநீர் வடிகால் எல்லாம் தனியாக 15.

லாரி வாடகையும் இறக்குகூலியும் 5. கட்டடத்தை நிறுத்தும் கூலியும் கிரேனும் 14. இந்த 14-இல் 1 என் அலட்சியத்துக்குப் போட்ட தண்டம்.

அதையும் சொல்லிவிடுகிறேன். அஸ்திவாரம் போட்டது எனக்குத் தெரிந்த மேஸ்திரி. இரும்பு வேறு ஆள், அஸ்திவாரம் வேறு ஆள். மொத்தம் 16 தூண், தூணுக்கு 4 ஆங்கர் போல்ட் (தூணை அஸ்திவாரத்தோடு பிடிக்கும் போல்ட்), ஆக 64 போல்ட்டுகளைக் கான்கிரீட் காய்வதற்குள் சரியான இடத்தில் பிடித்து வைக்க வேண்டும். இதற்கு இரும்புத் தகட்டில் டெம்ப்ளேட் (அளவு மாறாமல் ஓட்டை போட்ட மாதிரித் தகடு) வேண்டும் என்று நிறுவனம் வரைபடத்திலேயே எழுதியிருந்தது. மேஸ்திரி பலகையில் ஓட்டை போட்டுச் சமாளித்தார். 15 தூண் சரியாக உட்கார்ந்தது. பதினாறாவதில் போல்ட்டுகள் 12 மில்லிமீட்டர் தள்ளி நின்றன. கிரேன் தூணைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது, கீழே எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். "கேஸ் கட்டர்ல ஓட்டையைப் பெருசு பண்ணிடலாமா?" என்று கேட்டேன். சூப்பர்வைசர் இளைஞர், என்னைவிட 20 வயது சின்னவர். "டிசைனர் எழுதிக் குடுக்காம கை வைக்க மாட்டேன் சார்" என்றார். மறுநாள் டிசைனர் அனுமதி வந்தது. ஓட்டையை நீள்வட்டமாக்கி, மேலே கனமான வாஷர் தகடு வைத்து வெல்டிங் செய்தார்கள். அன்றைக்கு அவர் மேல் எரிச்சலாக இருந்தது. இப்போது யோசித்தால் இந்த வேலை முழுவதிலும் எனக்குக் கிடைத்த நல்ல சேவை அதுதான். கிரேன்காரர் மட்டும் இரண்டு நாளுக்கும் முழு 8 மணி நேர வாடகை எழுதினார். தொங்கவிட்டாலும் தூக்கினாலும் அவருக்கு ஒன்றுதான்.

அடுத்தது, நானே வரவழைத்துக்கொண்ட தொல்லை. கொட்டேஷன் 15 நாளுக்குத்தான் செல்லும் என்று இருந்தது. இரும்பு விலை ஏறிவிடப்போகிறதே என்று அவசரப்பட்டு முன்பணம் கட்டினேன், சரக்கையும் சீக்கிரம் அனுப்பச் சொன்னேன். அஸ்திவாரம் தயாராவதற்கு மூன்று வாரம் முன்பே ஷீட் வந்து இறங்கிவிட்டது. தார்ப்பாய் போட்டு மூடி வைத்தோம். அடுக்கின் நடுவே மழைநீர் புகுந்து, காற்றில்லாமல் தேங்கி, பிரித்தபோது 11 ஷீட்டில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. துத்தநாகப் பூச்சுக்கு ஈரம் ஒத்துக்கொள்ளும், காற்றோட்டமில்லாத ஈரம் ஒத்துக்கொள்ளாது. ஒரு பக்கத்தைச் சற்றுத் தூக்கிச் சாய்வாக அடுக்கியிருந்தால் வடிந்திருக்கும். இதை இறக்கும்போது அவர்கள் ஆள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கேட்டதற்கு, 'இறக்கிய பிறகு பாதுகாப்பு வாடிக்கையாளருடையது' என்ற வரியைக் காட்டினார்கள். பதினாலில் ஒன்பதாவது வரி.

இன்சுலேஷன் விஷயத்தில் தப்பு முழுக்க என்னுடையது. பட்ஜெட் கிழிந்துகொண்டிருந்த நேரத்தில், 9-க்கு முடிய வேண்டிய அதை வேண்டாம் என்று வெட்டினேன். வெயில் கொஞ்சம் உறைக்கும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். வெயிலைவிடப் பெரிய தொல்லை விடியற்காலையில் வந்தது. இரவில் கூரைத் தகடு சில்லென்று ஆகிவிடும், உள்ளே இருக்கும் ஈரக்காற்று அதில் பட்டு நீராகி, சொட்டுச் சொட்டாகக் கீழே விழும். கீழே இருப்பது அட்டை. மழையே இல்லாத நாளில் கூரை ஒழுகுகிறது என்று ஷீட் போட்டவர்களைத் திட்டி போன்கூடச் செய்துவிட்டேன், பாவம். கூரை போடும்போதே ஷீட்டுக்கு அடியில் விரித்திருக்க வேண்டியதை, பிறகு கூரையைப் பகுதி பகுதியாகக் கழற்றி விரித்தோம். 14 ஆனது.

ரோலிங் ஷட்டர், கதவு, ஜன்னல் 8. அவர்கள் விலையில் இருந்தது திறப்பும் அதைச் சுற்றிய சட்டமும் மட்டும்தான். வயரிங், விளக்கு, எர்த்திங் 13. அனுமதிக் கட்டணமும் காப்பீடும் 4. கூரையோரக் கால்வாய் அவர்கள் கணக்கு, அதிலிருந்து நீரைத் தரைக்குக் கொண்டுவரும் குழாய் என் கணக்கு என்பதை முதல் மழையன்று தெரிந்துகொண்டேன். அது வடிகால் செலவில் சேர்ந்துவிட்டது.

ஒரே ஒரு இடத்தில் முன்யோசனையோடு நடந்துகொண்டேன், அதைச் சொல்லாமல் விட மனமில்லை. கூரையில் பிற்காலத்தில் சோலார் வைப்பேன் என்று டிசைனுக்கு முன்பே சொன்னேன். சதுர மீட்டருக்கு 15 கிலோ கூடுதல் பாரம் எடுத்துக்கொண்டார்கள், முழுக் கூரைக்கும் 9 டன். அதற்காக விலை ஏறியது வெறும் 2, அது அந்த 100-க்குள்ளேயே இருக்கிறது. ஆனால் பக்கவாட்டில் இரண்டாவது வாசல் வேண்டும் என்பதை மறந்தேன். பிறகு கேட்டபோது, நான் காட்டிய இடத்தில்தான் காற்றில் கட்டடம் சாயாமல் பிடிக்கும் குறுக்குக் கம்பி, அதாவது பிரேசிங், இருந்தது. அதை எடுத்தால் அதற்குப் பதில் வாசல் வடிவில் ஒரு கனமான சட்டகம் வைக்க வேண்டும் என்று தனி விலை சொன்னார்கள். வாசல் இல்லாமலே இருக்கிறேன். லோடு வந்தால் லாரி சுற்றித்தான் வரும்.

மதிப்பெண்: பொருளுக்கு 5-க்கு நாலரை. நிறுத்திய ஆட்களுக்கு 5. விற்பனைக்காரருக்கு 2. அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் "மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்று நான் கேட்ட ஒவ்வொரு முறையும் ஷெட்டின் விலையைத்தான் சொன்னார். 'சேராதவை' பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே உத்தேசமாக ஒரு சதவீதம் போட்டிருந்தால், நான் அப்போதே ஷெட்டை 20-க்கு 24 மீட்டராகக் குறைத்திருப்பேன். தொழில் தெரிந்தவருக்கு அது பத்து நிமிட வேலை.

இப்போது பின்பக்கம் இரண்டு பே (ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் இடையிலான பகுதி) நீட்டலாமா என்று யோசனை. அவர்களிடமே கேட்டேன், போன வாரம் காகிதம் வந்தது. மனைவி கடைசிப் பக்கத்தை எடுத்துக்கொண்டு முதல் பக்கங்களை என்னிடம் தந்தாள். இந்த முறை 15 வரி. புதிதாகச் சேர்ந்த வரி: 'மழைநீர் இறங்கு குழாய் வாடிக்கையாளர் பொறுப்பு.'