ராத்திரி வானத்து 'மர்ம வெளிச்சங்களுக்கு' 10×50 பைனாகுலர்: மூன்று வருடம் பயன்படுத்திய பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பறவை பார்க்க பைனாகுலர் தேடுகிறவர்களுக்கு இந்த விமர்சனம் அவ்வளவாக உதவாது. ராத்திரியில் யாராவது வானத்தைக் காட்டி "அது என்ன, அசையாம நிக்குது?" என்று கேட்டால் அதற்கு ஒரு நேர்மையான பதில் வேண்டும் என்பதற்காகவே இதை வாங்கினேன். மூன்று வருடமாக அந்த வேலைக்கு மட்டும்தான் பயன்படுத்துகிறேன். என் முடிவு இதுதான்: இந்த வேலைக்குத் தொலைநோக்கி வேண்டாம், விலை உயர்ந்த கேமராவும் வேண்டாம், ஒழுங்கான ஒரு 10×50 போதும். கூடவே ஒரு நோட்டும் பேனாவும் இருக்க வேண்டும். அது இல்லாமல் பைனாகுலர் மட்டும் இருந்தால் பாதி வேலைதான் நடக்கும்.

வாங்கிய முதல் மாதம் நடந்ததைச் சொல்கிறேன். தங்கை ராத்திரி போன் செய்து, "அண்ணா, சீக்கிரம் வா, ஒரு ட்ரோன் அரை மணி நேரமா நம்ம வீட்டையே பார்த்துக்கிட்டு நிக்குது, சிவப்பு பச்சை நீலம்னு மாறி மாறி எரியுது" என்றாள். குரலில் பயம் இருந்தது. போய்ப் பார்த்தேன், அவள் சொன்னது உண்மைதான், வானத்தின் அடிப்பக்கத்தில் ஒரு வெளிச்சம் நிறம் நிறமாகத் துடித்துக்கொண்டிருந்தது. பைனாகுலரில் பார்த்தால் உடம்பும் இல்லை, இறக்கையும் இல்லை, வெறும் ஒரு புள்ளி. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே நகர்த்திக்கொண்டு போனேன், ஓரியன் (வேட்டைக்காரன்) நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்பில் இருக்கும் மூன்று நட்சத்திரங்கள் வந்தன, அந்த வரிசையைக் கீழ்நோக்கி நீட்டினால் நேராக இந்த வெளிச்சத்தில்தான் போய் முடிகிறது. சிரியஸ். ராத்திரி வானத்திலேயே மிகப் பிரகாசமான நட்சத்திரம். அது தாழ்வாக இருக்கும்போது அதன் ஒளி காற்றுக்குள் நீண்ட தூரம் வர வேண்டியிருக்கிறது, சூடும் குளிருமாகக் கலைந்துகொண்டே இருக்கும் அந்தக் காற்று ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு விதமாக வளைக்கிறது, அதனால்தான் இந்த நிறமாற்றம். வாயால் சொன்னதைவிட அவளை நம்ப வைத்தது வேறொன்று. பைனாகுலரை அவள் கையில் கொடுத்து, பார்த்துக்கொண்டே குழாயை விரலால் லேசாகத் தட்டச் சொன்னேன். தட்டினதும் புள்ளி ஒரு கோடாக இழுபட்டது, அந்தக் கோட்டில் சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் பாசிமணி கோத்த மாதிரி தனித்தனியாகத் தெரிந்தன. பத்து நிமிடம் கீழே வைக்கவே இல்லை.

சரி, ஏன் குறிப்பாக 10×50? 10 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 50 என்பது முன்பக்கக் கண்ணாடியின் அகலம் மில்லிமீட்டரில். இருட்டில் நன்றாக விரிந்த நம் கண்மணி சுமார் 7 மில்லிமீட்டர், அப்படியென்றால் இது கண்ணைவிட ஏறக்குறைய 50 மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. அதைவிட முக்கியம், என்னிடம் இருப்பதில் ஒரே பார்வையில் ஆறரை டிகிரி வானம் தெரிகிறது, முழுநிலவை வரிசையாக வைத்தால் 13 நிலவு அகலம். தொலைநோக்கியில் இந்த வசதி கிடையாது. நகர்கிற ஒரு வெளிச்சத்தை அந்தச் சின்ன வட்டத்துக்குள் தேடிப் பிடிப்பதற்குள் அது போயே போய்விடும். சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு நேர் மேலே போகிற நாளில்கூட சில நிமிடங்கள்தான் தெரியும். சிமிட்டாமல், சத்தமில்லாமல் போய், பூமியின் நிழலுக்குள் நுழைந்ததும் நடுவானிலேயே மங்கி அணைந்துவிடும். முதல் தடவை அதைப் பார்க்கிறவர் "மறைஞ்சே போச்சு" என்று சொல்வதில் தப்பே இல்லை, மறையத்தான் செய்கிறது.

குறை என்று பார்த்தால், கை நடுக்கம் பெரிய தொல்லை. 10 மடங்கில் நம் நாடித்துடிப்புகூட வானத்தை ஆட்டும். முழங்கையைச் சுவரில் ஊன்றினாலோ சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டாலோ பாதி சரியாகும், டிரைபாட் இருந்தால் பிரச்சினையே இல்லை. கை ரொம்ப நடுங்கும் என்றால் 7×50 வாங்குங்கள். 20×80 வேண்டாம், அதைக் கையில் பிடித்துப் பார்க்கவே முடியாது.

இன்னொரு விஷயத்தில் நான் ஏமாந்தேன். முதலில் வந்த ஜோடியில் ஒவ்வொரு நட்சத்திரமும் இரண்டிரண்டாகத் தெரிந்தது, ஐந்து நிமிடத்தில் தலைவலி வந்துவிடும். விற்றவரிடம் சொன்னால் "உங்கள் கண்ணைச் சோதித்துப் பாருங்கள்" என்றார். கண்ணில் ஒன்றுமில்லை, இரண்டு குழாயும் ஒரே நேர்கோட்டில் இல்லை, அவ்வளவுதான். மாற்றி வாங்க மூன்று வாரம் அலைய வேண்டியிருந்தது. வாங்கினதும் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பாருங்கள், இரண்டாகத் தெரிந்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள்.

இந்தப் பைனாகுலரால் அதிகமாக விடை கிடைத்த மர்மங்கள் விமானங்கள்தான். நம்மை நோக்கி நேராக வரும் விமானம் தரையிறங்கும் விளக்கைப் போட்டிருந்தால் பல நிமிடம் ஒரே இடத்தில் நிற்பது போலவே இருக்கும், திடீரென்று திரும்பினால் "பாய்ந்து போனது" என்று தோன்றும். வெறும் கண்ணுக்கு ஒற்றை வெள்ளை வெளிச்சம், பைனாகுலரில் அது பிரிந்து பக்கத்தில் சின்னதாகச் சிவப்பும் பச்சையும் தெரியும். விமானத்தின் இடது இறக்கையில் சிவப்பு, வலதில் பச்சை. அதனால் சிவப்பு நமக்கு வலப்பக்கம் இருந்தால் அது நம்மைப் பார்த்து வருகிறது என்று அர்த்தம். இது தெரிந்த பிறகு என் நோட்டில் 'நின்ற வெளிச்சம்' என்று எழுதுவதே குறைந்துவிட்டது. அடுத்த இடம் வெள்ளிக் கிரகத்துக்கு. காரில் போகும்போது கூடவே வருகிறது என்பார்களே, அதுதான். பிறை வடிவத்தில் இருக்கும் வாரங்களில் 10 மடங்கிலேயே குட்டி நிலா மாதிரி தெரியும், அதைப் பார்த்தவர் அப்புறம் சந்தேகப்படவே மாட்டார்.

வரிசையாக ரயில் பெட்டி போலப் போகும் வெளிச்சங்கள் ஸ்டார்லிங்க் என்ற இணையச் செயற்கைக்கோள்கள். 2019 மே மாதத்தில் முதல் தொகுதியாக 60 செயற்கைக்கோள்கள் ஒன்றாக ஏவப்பட்டபோது உலகமே திகைத்தது. இப்போது அவற்றின் இன்னொரு வேடிக்கைதான் அதிகம் குழப்புகிறது: சூரியன் அடிவானத்துக்குக் கீழே எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் தாழ்வாக ஒரு வெளிச்சம் சில நொடி பளிச்சிட்டு அணையும், சற்று நேரத்தில் அதே இடத்தில் இன்னொன்று. ஒரே பொருள் சுற்றிச் சுற்றி வருவது போலத் தோன்றும். விமானிகளே இதைப் புகாராகச் சொல்லியிருக்கிறார்கள்.

பைனாகுலரால் முடியாததையும் சொல்ல வேண்டும். இருட்டில் ஒரு புள்ளி எவ்வளவு தூரம் என்று எந்தக் கண்ணாடியும் சொல்லாது. அதனால்தான் நோட்டு. நேரம், திசை, உயரம் மூன்றையும் எழுதிவிடுங்கள். நீட்டிய கையில் மூடிய முஷ்டி ஏறக்குறைய 10 டிகிரி, அளவுக்கு அது போதும். அப்புறம் நிதானமாக, நட்சத்திரங்களுக்கு ஸ்டெல்லேரியத்திலும் செயற்கைக்கோள்களுக்கு ஹெவன்ஸ்-அபவ் தளத்திலும் விமானங்களுக்கு ஃப்ளைட்ரேடார்24-இலும் அந்த நேரத்தைப் போட்டுப் பார்க்கலாம். யாராவது அனுப்பும் மொபைல் போட்டோவுக்கு பைனாகுலர் உதவாது. அதில் பச்சைப் புள்ளி இருந்தால், படத்தின் நடுவைத் தாண்டி நேர் எதிர்ப்பக்கம் ஒரு தெருவிளக்கு இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அது லென்ஸுக்குள் உண்டான பிரதிபலிப்பாகத்தான் இருக்கும். பகலில் இந்தப் பைனாகுலரைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் ராத்திரியே எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.

பறக்கும் தட்டுப் புகார்களை ஆராய்ந்த புளூ புக் விசாரணையை அமெரிக்க விமானப்படை 1969இல் மூடியபோது 12,618 புகார்களில் 701 விடை தெரியாமலே நின்றன. அந்தப் புகார்களைக் கொடுத்தவர்களில் பெரும்பாலானோர் பொய் சொல்லவில்லை, ஒரு வெளிச்சத்தைப் பார்த்தார்கள், அது என்னவென்று தெரியாமல் கேட்டார்கள். என் தங்கை கேட்ட மாதிரிதான். கேட்டவரைச் சிரித்து அனுப்பிவிட்டால் அடுத்த தடவை அவர் நேரத்தையும் திசையையும் சொல்ல மாட்டார், நமக்கும் ஒன்றும் தெரியாமல் போகும்.

என் நோட்டிலும் விடை இல்லாத ஒன்று இருக்கிறது. ஆரஞ்சு நிறம், ஆறு நிமிடம், மெதுவாக நகர்ந்து மங்கி அணைந்தது. விமான விளக்கு இல்லை, அந்தப் பக்கம் செயற்கைக்கோளும் போகவில்லை. பறக்கவிட்ட காகித விளக்காக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று குறிக்க மறந்துவிட்டேன். அதனால் அந்த வரிக்கு எதிரே இன்னும் கேள்விக்குறிதான். மறுநாளே நோட்டில் காற்றுக்கு ஒரு பத்தி போட்டேன்.