மண்டபம் உப்புக் காற்றில் ஒரு பழைய ஆம்னி: பின் டிஃபரென்ஷியலோடு 12 ஆண்டுகள்

2003-ஆம் ஆண்டு மாடல் மாருதி ஆம்னி ஒன்றை 2012-இல் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, பாம்பனிலும் மண்டபத்திலும் எடுக்கும் மீனை ஐஸ் பெட்டிகளில் அடுக்கி இராமநாதபுரம் சந்தைக்கும், சில நாட்களில் பரமக்குடி வரையிலும் கொண்டுசெல்வதுதான் அதன் வேலை. ஆம்னியின் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருந்தாலும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது பின் சக்கரங்கள்தான். எனவே நான் ஏற்றும் சுமை முழுவதும் பின் ஆக்சிலின் நடுவில் பானைபோல் உப்பியிருந்து, எஞ்சினின் சுழற்சியை இரு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலின் தலையில்தான் விழுகிறது. எஞ்சின் ஆயிலைத் தவறாமல் மாற்றும் ஓட்டுநர்கள்கூட அந்தப் பானைக்குள் ஆயில் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. முதல் மூன்று ஆண்டுகள் நானும் பார்க்கவில்லை.

2015-இல், எஞ்சினிலிருந்து வரும் சுழற்சியை டிஃபரென்ஷியலுக்குள் வாங்கும் சிறு பல்சக்கரமான பினியனின் ஆயில் சீல் கசியத் தொடங்கியது. சீல் மலிவான பொருள், அரை நாள் வேலை என்று எண்ணி ஒரு பட்டறையில் வண்டியை விட்டேன். பினியனின் இரண்டு பேரிங்குகளுக்கு நடுவே நசுங்கக்கூடிய ஸ்பேசர் ஒன்று இருக்கிறது. நட்டை இறுக்கும்போது அது அளவோடு நசுங்கி, பேரிங்குகளில் தேவையான இறுக்கத்தை நிறுத்துகிறது. ஒருமுறை அளவுக்கு மேல் நசுங்கினால், பிறகு நட்டைத் தளர்த்தினாலும் அது பழைய நிலைக்கு வராது. இதைத் தெரிந்தவர்கள் நட்டைக் கழற்றும் முன்பே நட்டிலும் ஷாஃப்டிலும் ஒரே கோட்டில் குறி வைத்துக்கொண்டு, திரும்பப் பூட்டும்போது அந்தக் குறிக்கே கொண்டுவந்து நிறுத்துவார்கள். எனக்குப் பூட்டியவரோ நீளமான குழாயைச் செருகித் தன் பலம் முழுவதையும் காட்டினார். இரண்டே மாதத்தில் பேரிங் சூடேறித் தேய்ந்து, பினியன் நகர்ந்து, அது சுழற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுனின் பற்களையும் கடித்துவிட்டது.

புதிய கிரவுன்–பினியன் ஜோடி வாங்க அப்போது கையில் பணம் இல்லாததால், பழைய வண்டிகளை உடைத்து விற்கும் கடை ஒன்றில் கிடைத்த முழு கேரியரையும் (கிரவுனும் பினியனும் பூட்டிய கூடு) வாங்கி மாட்டினேன். உருவமும் போல்ட் துளைகளும் அச்சு அசலாகப் பொருந்தின. ஆனால் பாம்பன் சாலைப் பாலத்தில் மீன் பெட்டிகளோடு ஏறும்போது, வழக்கமாக மூன்றாம் கியரில் ஏறும் வண்டி இரண்டாம் கியருக்கு இறங்கியது; சமதளத்திலோ ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி அதைவிட வேகமாக ஓடியது. ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருவதால், பின்னால் பல் விகிதம் மாறியது அதற்குத் தெரியாது. வாங்கும் முன்பே பற்களை எண்ணியிருக்க வேண்டும்.

எண்ணுவது கடினமன்று. கேரியர் கையில் இருந்தால் கிரவுனின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் போதும். என் வண்டியின் மூல கேரியரில் 41-க்கு 8, அதாவது 5.125. வண்டியிலேயே பூட்டியிருந்தால், கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு பின் சக்கரம் தரையில் நிற்க, முன்னும் பின்னும் அடைகல் வைத்துவிட்டு, மற்றதை மட்டும் ஜாக்கியில் தூக்க வேண்டும். ஒரு சக்கரம் நிலையாக நிற்கும்போது மற்றது இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் கிரவுன் ஒரு சுற்றுச் சுற்றும் என்பதால், தூக்கிய சக்கரத்தை 20 முறை சுற்றி, கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்கு வரும் புரொபெல்லர் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றியது என்று சாக்பீஸ் குறியை வைத்து எண்ணி, அதைப் பத்தால் வகுத்தால் விகிதம் கிடைத்துவிடும். என் பழைய கேரியருக்கு 51 சுற்றும் கால் சுற்றும் வந்தன. கடையில் வாங்கியதற்கு 48-ஐக்கூட எட்டவில்லை. பிறகு சரியான விகிதத்தில் வேறொன்று தேடி மாட்டுவதற்குள் ஒரு மீன்பிடித் தடைக்காலமே கழிந்தது.

கேரியரின் அமைப்பையும் முன்கூட்டியே அடையாளம் கண்டுகொள்வது நல்லது. சில வண்டிகளில் ஹவுசிங்கின், அதாவது ஆக்சிலின் வெளிக்கூட்டின், பின்புறத்தில் போல்ட் போட்ட மூடி இருக்கும்; அதைத் திறந்தால் கிரவுன் கண்ணுக்குத் தெரியும். ஆம்னியில் பின்புறம் மூடிய குமிழ்தான். புரொபெல்லர் ஷாஃப்டையும் இரு பக்க ஆக்சில் ஷாஃப்டுகளையும் உருவிய பிறகே கேரியரை முன்பக்கமாக எடுக்க முடியும். சற்றே எட்டிப் பார்த்துவிடலாம் என்பதற்கு அங்கே இடமில்லை. வடித்த ஆயிலைப் பார்த்துத்தான் உள்ளே நடப்பதை ஊகிக்க வேண்டும்.

அந்த ஆயிலில் நான் அஞ்சுவது இரும்புத் துகளைவிடத் தண்ணீருக்குத்தான். ஓடி வந்த ஆக்சில் சூடாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாலையில் தேங்கிய நீரில் அது இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, இடைவெளி கிடைத்த இடத்திலெல்லாம் நீரை உறிஞ்சும். இந்த அழுத்த மாற்றத்தைச் சமன்செய்யத்தான் ஹவுசிங்கின் மேல் பிரீதர் என்னும் சிறு மூடி இருக்கிறது. என் வண்டியில் ஐஸ் உருகிய உப்புநீர் தரைத் தகட்டின் ஓட்டைகள் வழியே நேராக அதன் மேல்தான் சொட்டியிருக்கிறது. மூடி உப்புப் பூத்து இறுகி அடைபட்டிருந்தது. அடைபட்ட பிரீதரால் இரு பக்கமும் கேடுதான். சூடேறும்போது உள்ளழுத்தம் ஆயிலைச் சீல்களின் வழியே வெளியே தள்ள, அது ஆக்சில் ஷாஃப்ட் வழியாகப் பிரேக் டிரம்முக்குள் இறங்கி லைனரை நனைக்கிறது. குளிரும்போது அதே சீல் வழியே தண்ணீர் உள்ளே வருகிறது. இடது பக்கப் பிரேக் பிடிக்காமல் போனபோது லைனரை இரண்டு முறை மாற்றினேன். மூல காரணம் விரல் நுனி அளவு மூடி என்பது பிறகுதான் புரிந்தது. இப்போது அந்த மூடியை எடுத்துவிட்டு, ஆயில் தாங்கும் ரப்பர் ஹோஸ் ஒன்றைப் பொருத்தி, அதன் மறுமுனையைத் தரைத் தகட்டுக்கு அடியில் உயரமான இடத்தில் கவிழ்த்துக் கட்டியிருக்கிறேன். இதற்கு ஆன செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூட ஆகாது.

ஆகவே நான் கிலோமீட்டர் கணக்கில் ஆயில் மாற்றுவதை விட்டுவிட்டேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறி நிற்கும்போது என் வண்டிக்கும் வேலை குறைவு. அப்போது ஒருமுறையும், மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் ஒருமுறையும் வடித்துப் பார்க்கிறேன். பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். ஊற்றுவது ஜிஎல்-5 தரத்தில் 80டபிள்யூ-90 கியர் ஆயில். பற்கள் உருள்வதோடு ஒன்றின்மேல் ஒன்று வழுக்கியும் நகரும் இந்த வகைக் கிரவுனுக்கு, அந்தத் தரத்தில் சேர்க்கப்படும் கந்தகக் கூட்டுப்பொருட்கள் தேவை. அதே டப்பாவைக் கியர்பாக்ஸில் ஊற்றிவிடக் கூடாது. அங்கே தயாரிப்பாளர் குறிப்பிட்ட தரத்தையே பின்பற்ற வேண்டும்.

வடிக்கும் நட்டைத் தொடுவதற்கு முன் ஊற்றும் நட்டு கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கடற்கரை வண்டியில் மேல் நட்டு துருவேறி அசையாமல், கீழே ஆயில் முழுவதும் வடிந்துபோய், வண்டி நகர முடியாமல் நின்ற காட்சியை நான் இருமுறை பார்த்திருக்கிறேன், ஒருமுறை என் வாசலிலேயே. புது ஆயிலை ஊற்றும் துளையின் விளிம்பில் வழியும் வரை ஊற்றினால் போதும்.

சத்தத்தைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கீழக்கரையில் பட்டறை வைத்திருக்கும் பாய் ஒருவர். ஆக்சிலில் ஊளைச் சத்தம் வருகிறது, பிரிக்க வேண்டும் என்று போய் நின்றபோது, "தம்பி, மொதல்ல ஜாயின்ட் கிராஸையும் வீல் பேரிங்கையும் பாருங்க, டிஃபரென்ஷியலைக் கடைசியாத் தொடலாம்" என்றார். வண்டியை இடமும் வலமும் லேசாக வளைத்து ஓட்டும்போது சத்தம் கூடிக் குறைந்தால் வீல் பேரிங். ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு வரும்போது 'டக்' என்று இடித்தால் பெரும்பாலும் கிராஸ், அதாவது புரொபெல்லர் ஷாஃப்டின் முனையில் உள்ள மூட்டு. ஆக்சிலேட்டரை அழுத்தும்போது மட்டும் ஊளையிட்டு, காலை எடுத்ததும் மாறினால்தான் கிரவுன்–பினியன் பக்கம் சந்தேகப்பட வேண்டும் என்பது அவர் கணக்கு. அன்றைக்குக் கெட்டிருந்தது வலது வீல் பேரிங்.

வண்டியின் அடிப்பகுதியை வாரம் ஒருமுறை கழுவுகிறேன். எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீரே உவர்ப்பு என்பதால் அதில் கழுவுவது உப்பை உப்பால் துடைப்பதுதான். குடிக்கும் தண்ணீரில் இரண்டு குடம் ஒதுக்கினால் வீட்டில் முகம் சுளிக்கிறார்கள், நியாயம்தான். கழுவிக் காய்ந்த பிறகு ஹவுசிங்கின் வெளிப்புறத்தில் மட்டும் பழைய எஞ்சின் ஆயிலைத் துணியால் பூசுகிறேன். பிரேக் ஹோஸிலும் ரப்பர் புஷ்களிலும் அது படக் கூடாது.

இந்தப் பக்கத்தில் பழைய வேன் வாங்குபவர்கள் அது முன்பு எங்கே ஓடியது என்று கேட்டுவிடுவது நல்லது. அரிச்சல்முனை வரை 2017-இல் தார்ச்சாலை வருவதற்கு முன், தனுஷ்கோடி மணலிலும் கடல்நீரிலும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி ஓடிய வண்டிகள் இன்னும் விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் பெயின்ட் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் ஊற்றும் நட்டைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு ஆயிலைத் தொட்டுப் பார்க்கலாம். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் நான் வாங்க மாட்டேன்.

2024 தடைக்காலத்தில் என் வண்டியில் வடித்த ஆயில் கருத்திருந்தது, ஆனால் பால் நிறம் இல்லை. வடிக்கும் நட்டில் காந்தத்தை வைத்துத் தடவியபோது மை போன்ற மெல்லிய பசைதான் ஒட்டியது, செதில் எதுவும் இல்லை. வலது பக்க ஆக்சில் சீல் மட்டும் வேர்க்கத் தொடங்கியிருக்கிறது.