குத்துவிளக்குக்கு வெளிநாட்டுப் பணம்: பேபால், கார்டு கேட்வே, வங்கி வயர், வசூல் கணக்கு, இதில் எது தோது?

கும்பகோணத்திலிருந்து திருவாரூர் போகிற சாலையில் நாச்சியார்கோயில் விளக்குக் கடைகளைப் பார்க்காமல் யாரும் தாண்ட முடியாது. அந்தக் கடைகளில் எங்களுடையதும் ஒன்று. இப்போது விளக்கு கேட்பவர்களில் நிறையப் பேர் வாட்ஸப்பில்தான் வருகிறார்கள். லண்டன், ஜூரிக், டொரான்டோ, சிங்கப்பூர் என்று எங்கெங்கிருந்தோ கேட்கிறார்கள். எத்தனை அடி, எத்தனை கிலோ, மேலே அன்னம் வேண்டுமா என்ற பேச்செல்லாம் சட்டென்று முடிந்துவிடும். "பணம் எப்படிங்க அனுப்பறது?" என்ற இடத்தில்தான் வியாபாரம் நிற்கும்.

நமக்கு யுபிஐ பழகிப்போனதுபோல அவரவர் நாட்டில் அவரவருக்கு ஒன்று பழகியிருக்கிறது. சிங்கப்பூர்க்காரருக்கு பேநவ். மலேசியாவில் எஃப்பிஎக்ஸ் வழியாகத் தன் வங்கிச் செயலியைத் திறந்து கட்டுவார்கள். பிரிட்டனில் வங்கிக் கிளையைக் காட்டும் சார்ட் கோடும் கணக்கு எண்ணும் கொடுத்தால் போதும், 2008இல் வந்த ஃபாஸ்டர் பேமெண்ட்ஸ் மூலம் நிமிடங்களில் பணம் போய்விடும். நெதர்லாந்தில் ஐடியல், சுவிட்சர்லாந்தில் ட்விண்ட், நார்வேயில் விப்ஸ், கனடாவில் மின்னஞ்சல் முகவரிக்கே பணம் அனுப்பும் இன்டராக். அமெரிக்காவில் பொருள் வாங்க இன்னும் கார்டுதான் முதலில் கைக்கு வருகிறது. இவற்றில் பெரும்பாலானவை அந்த நாட்டு வங்கிக் கணக்கு இருப்பவருக்கு மட்டுமே வேலை செய்யும். நாச்சியார்கோயில் கரண்ட் அக்கவுண்டுக்கு நேரே வந்து சேராது.

சரி, எதெல்லாம் சரிப்படாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

"அண்ணா, யுபிஐயும் பேநவும் சேர்ந்தாச்சே, நம்பர் குடுங்க" என்று சிங்கப்பூரிலிருந்து கேட்பார்கள். 2023 பிப்ரவரி 21இல் அந்த இணைப்பு வந்தது உண்மை. ஆனால் அது தனிநபர் தனிநபருக்கு அனுப்புவதற்கு, குடும்பச் செலவுக்கும் அன்பளிப்புக்கும் மட்டும். நாள் ஒன்றுக்கு 60,000 ரூபாய் என்று வரம்பும் வைத்துத்தான் தொடங்கினார்கள். விளக்கு விற்ற காசை அன்பளிப்பு என்று வாங்கினால், ஏற்றுமதிக் கணக்கில் அதற்கு இடமில்லை. வெஸ்டர்ன் யூனியனும் அப்படித்தான். டெல்டாவில் எந்த ஊர்க் கடைத்தெருவிலும் அதன் மஞ்சள் பலகை இருக்கும். ஆனால் அது வரும் எம்டிஎஸ்எஸ் என்ற பணம் பெறும் திட்டம் சொந்தத் தேவைக்கான பணத்துக்கானது, வியாபாரப் பணத்தை அதில் வாங்கக் கூடாது. வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்கே ரூபாயில் வைத்திருக்கும் என்ஆர்ஓ கணக்கிலிருந்து ஜிபேயில் ரூபாயாகப் போட்டுவிடுகிறேன் என்பவர்களும் உண்டு. சிங்கப்பூர், அமெரிக்கா, பிரிட்டன், அமீரகம் உள்ளிட்ட பத்து நாட்டு கைபேசி எண்களுக்கு 2023இலேயே அந்த வசதி கிடைத்துவிட்டது. ஆனால் அந்தப் பணம் நம் வங்கி அறிக்கையில் உள்ளூர் வரவைப் போலத்தான் நிற்கும். விளக்கோ கடல் கடந்து போயிருக்கும்.

மிச்சம் நான்கு வழிகள். இவற்றை ஒப்பிட்டுப் பார்த்து நான் வசூல் கணக்குக்கு, அதாவது நம் கடை பெயரில் வெளிநாட்டில் கிடைக்கும் கணக்கு எண்ணுக்கு, வந்தேன். அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

முதலில் பேபால். வாங்குகிறவருக்கு இதைவிட நிம்மதியான வழி இல்லை. 180 நாட்களுக்குள் புகார் கொடுக்கலாம். முகம் தெரியாத கடையில் வாங்குகிறவருக்கு அந்தத் தைரியம் வேண்டும்தானே. 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள் அவர்கள் உள்ளூர்ப் பணம் வாங்குவதில்லை, வெளிநாட்டு வரவு மட்டும்தான். கட்டணம் வழக்கமாக 4.4 சதவீதமும் ஒரு சிறு நிலைத்தொகையும். அத்தோடு முடிவதில்லை. டாலரை ரூபாயாக்கும்போது சந்தை விலையைவிடக் குறைத்துத்தான் தருகிறார்கள், அந்த வித்தியாசம் பெரும்பாலும் 3 சதவீதத்துக்கு மேல். 300 டாலர் விளக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் போக 286 டாலர் 50 செண்ட். மாற்று விலையில் இன்னொரு 8, 9 டாலர் போனால் கைக்கு வருவது 278 டாலருக்கு அருகில். பித்தளை விலைக்கும் கூலிக்கும் நடுவில் எங்களுக்கு நிற்கும் லாபத்தில் 22 டாலர் என்பது பெரிய பிடித்தம்.

அடுத்தது, ஆன்லைனில் கார்டு பணத்தை வாங்கித் தரும் இந்திய கேட்வேயில் வெளிநாட்டு கார்டை அனுமதிப்பது. வழக்கமாக 3 சதவீதம், கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. லிங்க் அனுப்பினால் கார்டு உள்ள யாரும் எந்த நாட்டிலிருந்தும் கட்டலாம் என்பது இதன் பலம். பலவீனம் ஓடிபியில் இருக்கிறது. நம் ஊரில் ஓடிபி இல்லாமல் ஆன்லைனில் கார்டு ஓடாது. ஐரோப்பாவிலும் இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயமாகிவிட்டது. அமெரிக்க கார்டு பல சமயம் எண்ணை அடித்தாலே ஓடிவிடும். அந்த கார்டு திருட்டு கார்டாக இருந்தால், விளக்கு போன பிறகு பணம் திரும்பிப் போவது விற்றவர் கணக்கிலிருந்துதான். எடை கூடிய விளக்குக்கு அமெரிக்க கார்டில் பணம் வந்தால், வீடியோ காலில் ஒருமுறை பேசிவிட்டுத்தான் நான் பெட்டியைக் கட்டச் சொல்கிறேன். ஸ்ட்ரைப் என்ற வெளிநாட்டு கேட்வே பற்றிக் கேட்பவர்களுக்கு: 2024 மே மாதத்திலிருந்து இந்தியாவில் அழைப்பு இருந்தால்தான் புதுக் கணக்கு.

மூன்றாவது, ஸ்விஃப்ட் வயர், அதாவது வங்கியிலிருந்து வங்கிக்கு நாடு கடந்து பணம் அனுப்புவது. கும்பகோணம் 1904இலிருந்து ஒரு வங்கிக்கே தலைமையிடமாக இருக்கிற ஊர். வங்கிக்குப் போய் அந்நியச் செலாவணி வேலையை முடித்துக்கொண்டு வருவது இங்கே புதிதில்லை. ஐரோப்பாவில் உள்ள கோயில் நிர்வாகங்கள் ஆளுயர விளக்கு ஜோடியாகக் கேட்கும்போது வயர்தான் சிறந்தது. நிர்வாகக் குழு, ரசீது, கையெழுத்து என்று அவர்கள் போகும் வழியும் அதுவே. சின்ன விளக்குக்கு இது ஆகாது. அனுப்பும் வங்கி ஒரு தொகை எடுக்கும், நடுவில் உள்ள வங்கி ஒரு தொகை எடுக்கும், முழுச் செலவும் அனுப்புகிறவருடையது என்று அவர் குறிக்காவிட்டால் வந்து சேரும்போது தொகை குறைந்திருக்கும். எவ்வளவு குறையும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது.

நான்காவது, வசூல் கணக்கு. ஏற்றுமதிப் பணத்துக்கென்றே இயங்கும் நிறுவனங்கள் நம் கடை பெயருக்கு பிரிட்டனில் ஒரு கணக்கு எண், யூரோவுக்கு ஐபேன் என்ற கணக்கு எண், அமெரிக்காவில் கணக்கோடு வங்கியைக் காட்டும் ஒரு ரௌட்டிங் எண் என்று வாங்கித் தருகின்றன. லண்டன்காரர் அதை உள்ளூர்க் கணக்காக நினைத்து அனுப்பலாம், பெரும்பாலும் அவருக்குச் செலவே இல்லை. அங்கே விழுந்த பணம் ரூபாயாகி நம் கரண்ட் அக்கவுண்டுக்கு வரும். இப்படி நாடு கடந்து பணம் வசூலிக்கும் நிறுவனங்களை 2023 அக்டோபர் 31இல் ரிசர்வ் வங்கி நேரடிக் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது. ஒரு பொருளுக்கு 25 லட்சம் ரூபாய் என்பது அப்போது வைத்த வரம்பு. விளக்கு வியாபாரத்துக்கு அது தாராளம். தொடங்குவதற்கு பான், ஜிஎஸ்டி பதிவு, ஐஇசி என்ற ஏற்றுமதி இறக்குமதி எண் கேட்பார்கள். ஐஇசி இல்லாதவர்கள் 500 ரூபாய் கட்டி ஆன்லைனிலேயே எடுத்துவிடலாம்.

மாற்று விலை பேபாலைவிட நன்றாக இருந்தது என்பது ஒரு காரணம்தான். என்னை முடிவெடுக்க வைத்தது, வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததைக் காட்டும் வரவுச் சான்று.

கார்த்திகை தீபத்துக்கு முந்தைய வாரங்களில் எங்களுக்கு ஆர்டர் குவியும். ஒரே நாளில் லண்டனில் ஒருவர், பாரிஸில் ஒருவர், சிட்னியில் ஒருவர் பணம் கட்டுவார்கள். இந்தியாவில் பேபால் அன்றன்று சேர்ந்ததைத் தானாகவே வங்கிக்குத் தள்ளிவிடும். கேட்வேயும் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மொத்தமாகத்தான் போடும். ஆக வங்கி அறிக்கையில் ஒரே ஒரு வரவு, மூன்று பில்லில் எதன் தொகையோடும் ஒத்துப்போகாது. ஆடிட்டர் கேட்கும் முதல் கேள்வியே "இது எந்த பில்லுக்குங்க?" என்பதுதான். எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதம் கொடுத்து வரி கட்டாமல் அனுப்பிய பொருள் இது. ஏற்றுமதிதான், பணமும் அந்நியச் செலாவணியாக வந்தது என்று காட்டக் காகிதம் வேண்டும்.

ஆடிட்டரோடு இது முடிந்துவிடாது. தபாலில் அனுப்பினாலும் 2022 டிசம்பரிலிருந்து போஸ்டல் பில் என்ற சுங்க ஆவணத்தை ஆன்லைனில் போட முடிகிறது. சுங்கத்தில் ஏறுகிற ஏற்றுமதி பில் ரிசர்வ் வங்கியின் இடிபிஎம்எஸ் என்ற ஏற்றுமதிக் கண்காணிப்புப் பதிவுக்குப் போகும், அதற்கு ஈடான வரவை நம் வங்கி பொருத்தினால்தான் அந்தப் பதிவு மூடும். மூடாத பில்கள் சேர்ந்துகொண்டே போனால் அடுத்த ஏற்றுமதிக்கு வங்கி முகம் சுளிக்கும். 2025 அக்டோபரில் ரிசர்வ் வங்கி இதைத் தளர்த்தி, 10 லட்சம் ரூபாய் வரையிலான பில்லை ஏற்றுமதியாளர் எழுதிக்கொடுக்கும் உறுதிமொழியின் பேரிலேயே மூடலாம் என்றது. எங்களைப் போன்ற சிறு கடைகளுக்கு மிகவும் நல்ல காரியம். ஆனாலும் கையெழுத்துப் போடுகிறவருக்கு எந்தப் பணம் எந்த பில்லுக்கு வந்தது என்று தெரிந்திருக்க வேண்டுமே.

வசூல் கணக்கில் ஒவ்வொரு வரவுக்கும் தனித்தனியாக பில்லை ஏற்றச் சொல்கிறார்கள். ஆரம்பத்தில் இது வேலை கூட்டுவதுபோலத் தெரியும். ஆனால் அதனால்தான் ஒவ்வொரு வரவுக்கும் தனிச் சான்று வருகிறது. அனுப்பியவர் பெயர், வெளிநாட்டுத் தொகை, மாற்று விலை, ரூபாய்த் தொகை, கூடவே பணம் எதற்கு வந்தது என்று சொல்லும் பர்ப்பஸ் கோடு. முன்பணம் வாங்கி அனுப்பும் பொருளுக்கு அது பி0103. மாதக் கடைசியில் நான் உட்கார்ந்து பிரித்துக் கூட்ட வேண்டியதில்லை, கோப்பை அப்படியே ஆடிட்டருக்கு அனுப்பிவிடுகிறேன். வயரிலும் ஒரு வரவு ஒரு ஆள் என்ற தெளிவு உண்டு. ஆனால் சான்றைக் கேட்டு வாங்க வேண்டும், சில கிளைகளில் அதற்குத் தனிக் கட்டணம்.

இதில் குறையும் உண்டு. கார்டு கிடையாது. வாங்குகிறவருக்கு பேபால் தரும் பாதுகாப்பும் கிடையாது. தண்டு மரையில் நசுங்கிப் போய்ச் சேர்ந்தால் அவர் நம் வார்த்தையைத்தான் நம்ப வேண்டும். அதனால் முதல்முறை வாங்குகிறவர் பேபால்தான் வேண்டும் என்றால் நான் மறுப்பதில்லை, விலையில் அதற்கு இடம் வைத்துச் சொல்கிறேன். இரண்டாம் முறை அவரே வங்கி எண் கேட்பார். இன்னொன்று, சில நிறுவனங்கள் கம்பெனியிடமிருந்து வரும் பணத்தை மட்டும்தான் ஏற்கின்றன, தனிநபர் அனுப்பினால் திருப்பிவிடும். கணக்குத் தொடங்குவதற்கு முன்பே இதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வரவுக்கு இவ்வளவு என்று நிலையாகக் கட்டணம் வைக்கும் இடத்தில் சின்ன காமாட்சி விளக்கு ஒன்று விற்பது கட்டுப்படியாகாது. நான் அந்த மாதிரி ஆர்டர்களுக்கு கார்டு லிங்க்தான் அனுப்புகிறேன்.

பிரிட்டன், யூரோ நாடுகள், கனடா, ஆஸ்திரேலியா பற்றி நான் உறுதியாகச் சொல்ல முடியும். வளைகுடாவில் எங்களுக்கு வாடிக்கை குறைவு. அங்கிருந்து வருபவர்கள் ஊருக்கு விடுமுறையில் வரும்போது கடையிலேயே வாங்கிப் போய்விடுகிறார்கள். மலேசியா கொஞ்சம் சிக்கல். ரிங்கிட் அந்த நாட்டுக்கு வெளியே புழங்காத பணம் என்பதால் பவுண்டுக்கும் யூரோவுக்கும் கிடைப்பதுபோல வசூல் கணக்கு எனக்கு எளிதில் அமையவில்லை. பினாங்குக்காரர்கள் கார்டில்தான் கட்டுகிறார்கள். யாழ்ப்பாணத்துக்கு விளக்கு போவது அபூர்வம். 2024 பிப்ரவரி 12இல் யுபிஐ இலங்கைக்குப் போனது நம் ஆட்கள் அங்கே கடையில் ஸ்கேன் செய்து கட்டுவதற்கு. அங்கிருந்து நமக்கு அனுப்ப அது வழியில்லை. பெரும்பாலும் லண்டனிலோ டொரான்டோவிலோ இருக்கும் பிள்ளைகள் பணம் கட்டி, யாழ்ப்பாணத்து முகவரிக்கு அனுப்பச் சொல்கிறார்கள். அப்போது பணம் அனுப்புகிறவர் ஒருவர், பொருள் பெறுகிறவர் வேறொருவர் என்பதை பில்லிலேயே இரண்டு பெயரையும் போட்டு எழுதிவிட வேண்டும். சான்றில் வரும் பெயரைத்தான் வங்கி பில்லோடு ஒப்பிட்டுப் பார்க்கும்.